டோலோ கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்கு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வந்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். நான் டாக்டர் இல்லை. பல வருடமாக இரண்டையும் சென்னையில் வளர்க்கிற ஆள், அவ்வளவுதான். முதல் வாரத்துக் கேள்விகள் எல்லாம் ஜாலியானவை: என்ன பேர் வைக்கலாம், பெடிகிரி நல்லதா ராயல் கேனின் நல்லதா, பெல்ட் எங்கே வாங்குவது. கொஞ்ச நாள் கழித்து, பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், அடுத்த போன் வரும். "உடம்பு ரொம்ப சுடுது, சாப்பிடவும் மாட்டேங்குது, டோலோவில் பாதி உடைச்சுக் கொடுக்கலாமா?"

கொடுக்கக் கூடாது. பூனை என்றால் பாதி இல்லை, பொடி கூட ஆகாது. டோலோவில் இருக்கிற பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றுகிற நொதி நம் கல்லீரலில் தாராளமாக இருக்கிறது, பூனையின் கல்லீரலில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் மருந்து விஷமாக மாறி ரத்தத்தில் தங்குகிறது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற வேலையை விட்டுவிடுகிறது, ஈறு பழுப்பும் நீலமுமாக மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய் கொஞ்சம் தாங்கும், சில சமயம் டாக்டரே எடையைப் பார்த்து எழுதித் தருவதும் உண்டு, ஆனால் அது அவர் கணக்கு, நம் கணக்கு இல்லை. புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கு வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். (மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அதைப் போடுவதை 2006-ல் தடை செய்தார்கள். அந்த மருந்தால் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.)

இன்னொன்று, "உடம்பு சுடுது" என்பதே பாதி நேரம் காய்ச்சல் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் சாதாரண உடம்புச் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் கை தொட்டுப் பார்த்தால் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நம்பகமான வழி இல்லை. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், கொஞ்சம் வாசலின், ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது என்று டாக்டரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், ராத்திரி பத்து மணி போன்களில் பாதி குறைந்துவிடும்.

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள்: பாசத்தில் குறை வைப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நம் உடம்பையே அளவுகோலாக வைத்து வளர்க்கிற பிராணிக்கு எல்லாம் செய்கிறோம், அதுதான் சிக்கல். நமக்குப் பிடித்தது அதற்கும் பிடிக்கும், நமக்கு ஒத்துக்கொண்டது அதற்கும் ஒத்துக்கொள்ளும், நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சம் பூனைக்கு. மூன்றும் தப்பு.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். தயிர்சாதம் சாப்பிட்டே வளர்ந்த நாய்கள் நம் ஊரில் ஏராளம், உண்மைதான். நாய் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. சாதத்தோடு முட்டை, வேகவைத்த கோழி, கொஞ்சம் ஈரல், பூசணி, கேரட் என்று போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். வளர்கிற குட்டிக்கு மட்டும் வெறும் சாதமும் பாலும் போதவே போதாது, சுண்ணாம்புச்சத்துக் குறைந்து கால் வளைந்துவிடும். செரலாக் கொடுப்பவர்களும் உண்டு. அது மனிதக் குழந்தைக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது, குட்டிக்கு என்றே விற்கிற ஸ்டார்ட்டர் உணவு இருக்கும்போது அது எதற்கு?

பூனை கதை வேறு. பூனைக்கு மாமிசம் விருப்பம் இல்லை, கட்டாயம். டாரின் என்று ஒரு சத்து, நம் உடம்பும் பெரும்பாலான நாய்களின் உடம்பும் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் தேவையான அளவுக்குத் தயாரிக்க முடியாது. மாமிசத்திலிருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் கண் போகும், இதயம் பலூனாக ஊதித் தளர்ந்துபோகும். 1987 வரை கடையில் விற்ற பூனை உணவு தின்ற பூனைகளே இப்படி இதய நோயில் செத்துக்கொண்டிருந்தன. அந்த வருடம்தான் காரணம் டாரின் குறைவு என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள், அதற்கப்புறம்தான் கம்பெனிகள் அளவைக் கூட்டின. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளவும் பூனைக்குத் தெரியாது. ஆகவே, எங்கள் வீட்டில் முட்டை கூட வராது, பூனையும் எங்களைப் போல இருந்துகொள்ளும் என்பவர்களிடம் நான் பட்டென்று சொல்லிவிடுவேன்: பாக்கெட் பூனை உணவாவது வீட்டுக்குள் வர அனுமதி உண்டா? உண்டு என்றால் சரி. இல்லை என்றால் பூனை வேண்டாம், வேறு எதையாவது வளர்த்துக்கொள்ளுங்கள். இதில் கொள்கைச் சண்டை ஒன்றும் இல்லை, உங்கள் கொள்கை உங்களுக்கு, அதன் கல்லீரல் அதற்கு.

பால் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பூனை என்றால் பால் என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, பேதியாகும். கண் திறக்காத குட்டி தெருவில் கிடைத்தது என்றால் பாக்கெட் பாலை ஊற்றாதீர்கள், பூனைக்குட்டிக்கு என்றே பால் பவுடர் கிடைக்கிறது. அதைவிட முக்கியம் சூடு. அந்த வயதில் அதற்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காமலே செத்துப்போகும். முதலில் துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டில், அப்புறம் பால், அதுவும் கவிழ்த்துப் படுக்கவைத்து. மல்லாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நம் சமையலறையில் எதெல்லாம் ஆகாது என்றால், வெங்காயமும் பூண்டும் முதலில். சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம், குழம்பில் ஊறிய எலும்பு எல்லாமே இதில் சேர்த்தி. திராட்சை, அதிலும் காய்ந்த திராட்சை, சில நாய்களுக்குச் சிறுநீரகத்தை ஒரேயடியாக நிறுத்திவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் பயம். பொங்கலன்று பாசத்தில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைப்பவர்கள் கவனிக்கவும், பாயசமும் அப்படியே. சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் போடுகிற சைலிட்டால், வேகவைத்த கோழி எலும்பு (வெந்த எலும்பு ஈட்டியாகப் பிளக்கும்). வாசலில் அரளி இருந்தால் குட்டி கடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பூச்செண்டில் லில்லி வந்தால் பூனை இருக்கிற வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், மகரந்தத்தை நக்கினால் கூட பூனையின் சிறுநீரகம் போய்விடும். எலி மருந்து பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சரி, தடுப்பூசிக்கு வருவோம். இங்கேதான் அதிகம் குட்டிகளை இழக்கிறோம்.

தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. நாய் விற்பனைக்கான 2017 விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் நடைமுறையில் முப்பது நாள், முப்பத்தைந்து நாள் குட்டியைக் கூடையில் வைத்து "ஊசியெல்லாம் போட்டாச்சு சார்" என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வயதில் எல்லா ஊசியும் போட்டிருக்கவே முடியாது. தடுப்பூசிப் புத்தகத்தைக் கேளுங்கள். மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றும் இல்லாத புத்தகம் வெறும் நோட்டுதான்.

நாய்க்குட்டிகளைத் தாக்குகிற பார்வோ என்கிற நோய் 1978-ல்தான் உலகுக்குத் தெரியவந்தது, அடுத்த இரண்டு வருடத்துக்குள் எல்லாக் கண்டத்துக்கும் போய்விட்டது. குட்டி முதலில் சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு ரத்தம் கலந்து, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமுடியாத நாற்றத்தோடு பேதி போகும். உடனே டிரிப்ஸ் ஏற்றி வைத்தியம் பார்த்தால் பிழைப்பவை நிறைய. "நாளைக்குக் காலையில் பார்க்கலாம்" என்று விட்டால் பல குட்டிகளுக்கு நாளைக் காலை வராது. அந்தக் கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், நிழலான இடமாக இருந்தால் ஒரு வருடம் வரை கூட உயிரோடு இருக்கும், டெட்டால் ஃபினாயிலுக்கெல்லாம் அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். பார்வோவில் ஒரு குட்டி போன வீட்டுக்கு, துக்கம் ஆறட்டும் என்று அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

ஏன் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், காசு பிடுங்கவா என்று கேட்பவர்களுக்கு: குட்டிக்குத் தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்புச்சக்தி வருகிறது. அது இருக்கும்வரை நாம் போடுகிற ஊசியையும் அதுவே அழித்துவிடும். அது எப்போது தேய்ந்து போகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒன்றுக்கு எட்டாவது வாரம், இன்னொன்றுக்குப் பதினைந்தாவது வாரம். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டே வருகிறார்கள். நடுவில் நின்றுபோனால் போட்டதும் வீண். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் ஒரு பூஸ்டர், பிறகு வருடா வருடம். எலிக்காய்ச்சலுக்கான மருந்தும், பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற கூட்டு ஊசியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலியின் மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரிலிருந்து வருவது அது, நவம்பரில் நம் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். பூனைக்கும் ஊசி உண்டு, வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும்தான். வயிற்றுப் பூச்சி மருந்து குட்டிப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில். தாயின் பாலிலேயே புழு வந்துவிடுவதால், வயிறு உப்பிய குட்டியைக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று கொஞ்சிக்கொண்டிருக்காதீர்கள்.

ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கவேண்டாம் என்பார்கள், நியாயம்தான். ஆனால் மூன்றிலிருந்து பதினான்கு வாரம் வரைதான் அது உலகத்தைப் பழகிக்கொள்கிற வயது. அப்போது வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பிற்பாடு ஆட்டோவைக் கண்டாலும் ஹெல்மெட்டைக் கண்டாலும் குரைத்துத் தள்ளும், பயத்தில் கடிக்கும். கையில் தூக்கிக்கொண்டு போய் மார்க்கெட், குக்கர் விசில், குழந்தைகள், குடை எல்லாவற்றையும் காட்டுங்கள். கால் தரையில் படாமல் இருந்தால் போதும்.

செலவு இடிக்கிறது என்றால் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் வேப்பேரியில் 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடவேண்டும், ஆனால் ஸ்கேனிலிருந்து ஆபரேஷன் வரை ஒரே இடத்தில் பார்க்கலாம். வருடா வருடம் ஜூலை 6-ஐ ஒட்டி பல ஊர்களில் வெறிநாய்க்கடி ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். 1885-ல் அந்தத் தேதியில்தான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக அந்தத் தடுப்பூசியைப் போட்டார்.

வெறிநாய்க்கடியை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் என்பதே கிட்டத்தட்ட இல்லாத நோய். உங்கள் சொந்த நாய்க்குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், தெருவில் எடுத்த பூனைக்குட்டி கீறி ரத்தம் வந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நிஜமாகவே நீளமான நேரம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டி பயமுறுத்தியதெல்லாம் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தின் காலம், அது நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

உண்ணி. சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொது எதிரி. நாய் மேல் நாலு தெரிந்தால் மிச்சம் எல்லாம் சுவர் விரிசலில், கதவு இடுக்கில், மாட்டிய போட்டோவின் பின்னால் இருக்கும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் பிளேட்லெட் இறங்கும், நாய் சாப்பாட்டைக் குறைக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் மாத்திரையைச் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்கவேண்டும், இரண்டாம் நாள் வாலாட்டியதும் நிறுத்திவிடக் கூடாது. நாய்க்குத் தடவுகிற சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அதைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வந்து செத்துப்போகும். இரண்டும் இருக்கிற வீட்டில் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெயிலைப் பற்றி ஒன்று. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கவேண்டும். மே மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு நமக்குக் காற்று வந்துவிடும், செருப்பும் இருக்கிறது. தார் ரோடு அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள், ஐந்தாறு நொடி தாங்கவில்லை என்றால் நாயைக் கூட்டிப்போகாதீர்கள். மூக்கு சப்பையான பக் இனம் மூச்சிரைக்கவே திணறும். ஹஸ்கி வாங்கலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு என் பதில், சைபீரியப் பனிக்கு முடி வளர்த்த பிராணியை எண்ணூரில் கட்டிப்போட உங்களுக்கு மனசு வந்தால் ஏசி பில்லுக்கும் சேர்த்து மனசு வரட்டும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் நம் வெயிலில் உருவானவை, ஆனால் ஓடப் பிறந்தவை, ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டுக்கு அவையும் சரிவராது. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியைத் தத்தெடுப்பதுதான் என் சிபாரிசு. வெயில் அடித்து நாய் தள்ளாடினால், முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபேனைப் போடுங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். ஓட்டத்தை முதலில் வைத்தால் வழியிலேயே போய்விடும்.

பூனைக்காரர்களுக்குத் தனியாக. ஆண்பூனை லிட்டர் பெட்டிக்கு (மணல் போட்டு வைக்கிற அதன் கழிப்பறை) திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். மூத்திரப்பாதை அடைத்திருக்கும். ஓரிரு நாளில் உயிர் போகிற விஷயம், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரியைத் தேடிப் போங்கள். பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும், உலர் உணவோடு ஈர உணவும் கொடுப்பது இதற்காகவும்தான். இரண்டு நாள் சாப்பிடாத பூனையை "கோபம், தானா சாப்பிடும்" என்று விடக் கூடாது, அதிலும் குண்டுப் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். லிட்டர் பெட்டி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். அப்புறம் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை. பூனை விழுந்தால் காலில் நிற்கும் என்பது கொஞ்சம்தான் உண்மை, மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த பூனைக்குத் தாடையும் நெஞ்சும் உடையும்.

கருத்தடைக்கு வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்" என்பார்கள். குட்டி போடுவதால் அதன் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும், இரண்டு மாதத்தில் குட்டி, நாலைந்து குட்டிக்கு வீடு தேடி நீங்கள் வாட்ஸப் குழுமம் குழுமமாக அலைவீர்கள். ஆபரேஷன் செய்யாத பெட்டை நாய்க்கு வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம், அது நடு ராத்திரி ஆபரேஷனில் போய் முடியும். பெரிய இன நாய்களுக்கு எந்த வயதில் செய்வது என்பதை மட்டும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

தீபாவளிக்கு வெடிச்சத்தத்தில் நாய் மிரண்டு ஓடித் தொலைவது வருடா வருடம் நடக்கிறது. கழுத்தில் போன் நம்பர் எழுதிய பட்டை, உள் அறை, மூடிய ஜன்னல். ரொம்பப் பயப்படுகிற நாய் என்றால் புரட்டாசியிலேயே டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கிவையுங்கள், அன்றைக்குச் சாயங்காலம் கிளினிக் மூடியிருக்கும்.

குட்டி வருவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, பெல்ட் வாங்குவதற்கும் முன்னால். உங்கள் வீட்டிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருக்கிற கால்நடை ஆஸ்பத்திரி எது, அங்கே நிஜமாகவே டாக்டர் இருப்பாரா, நாயையோ பூனையையோ ஏற்றிக்கொள்கிற ஆட்டோக்காரர் யார் என்று விசாரித்து, நம்பர்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பூனை என்றால் மூடி உள்ள கூடை ஒன்றும் வாங்கி, எப்போதும் திறந்து ஹாலில் போட்டுவையுங்கள், அதற்குள் படுத்துப் பழகட்டும். அவசரத்தில் பரணிலிருந்து இறக்கிய கூடைக்குள் எந்தப் பூனையும் போகாது.